நிலா விலகுவது பிரபஞ்சம் விரிவதாலா?

வாசகர் கேள்வி | 2025 ஜூலை 6

நிலா வருடத்துக்கு 3.8 செ.மீ. நம்மை விட்டு விலகுகிறது. பிரபஞ்சம் விரியும் விகிதமான ஹபிள் மாறிலியை மெகாபார்செக்குக்கு (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) நொடிக்கு 70 கி.மீ. என்று வைத்து நிலாவின் தொலைவுக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 2.75 செ.மீ. வருகிறது. முக்கால் பங்குக்குப் பக்கத்தில் பொருந்துகிறதே! இதைக் கடல் ஓதத்தின் (கடல்நீர் ஏறி இறங்குவதன்) தலையில் கட்டிவிட்டு எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். வெளி எல்லா இடத்திலும்தான் விரிகிறது. ஈர்ப்பை வேறு விதமாகப் புரிந்துகொண்டால் கேலக்ஸிகளைப் பிடித்துவைக்கும் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளும் தேவையில்லை, விரிவை முடுக்கும் கரும் ஆற்றலும் தேவையில்லை. யாராவது மறுக்க முடியுமா?

ஜூலை 6, இரவு

மறுக்கலாம். அதற்கு முன் ஒரு வாக்குமூலம்: இதே கணக்கை நானும் போட்டவன்தான். பதினோரு வருடம் ஆகிறது. 384,400 கி.மீ.யை ஹபிள் மாறிலியால் பெருக்கி 2.75 என்று வந்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை. மிச்சம் ஒரு செ.மீ.யை ஓதத்துக்குத் தானம் கொடுத்துவிட்டு, 14 பக்கத்தில் ஒரு 'கோட்பாடு' எழுதி ஒரு பேராசிரியருக்கு அனுப்பினேன். வந்த பதில் ஒரே வரி: "இதே கணக்கைச் சூரியனுக்கும் போட்டுப் பாருங்கள்."

போட்டேன். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சுமார் 15 கோடி கி.மீ. அதே விகிதத்தில் வருடத்துக்கு 10.7 மீட்டர் விலக வேண்டும். செ.மீ. இல்லை, மீட்டர். செவ்வாயில் 1976இல் இறங்கிய வைக்கிங் 1 கலம் 1982 நவம்பர் வரை நம்மோடு பேசிக்கொண்டிருந்தது. ரேடியோ அலை போய்த் திரும்பும் நேரத்தை வைத்து அது நிற்கும் தொலைவைச் சில மீட்டர் துல்லியத்தில் அளந்தார்கள். கோள்களின் பாதைகள் வருடத்துக்குப் பத்து மீட்டர் கணக்கில் வீங்கிக்கொண்டிருந்தால் அந்த ஆறு வருடத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். அப்படி எதுவும் இல்லை. என் 14 பக்கமும் அதோடு சரி.

ஜூலை 7

நேற்று முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். ஓதத்தின் 'தலையில் கட்டவில்லை'. அதற்கு வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம் நிலாவின் சுற்றுவேகத்தைவிட அதிகம். அதனால் கடல்நீரின் மேடு நிலாவுக்குச் சற்று முன்னால் தள்ளி நிற்கிறது. அந்த மேடு நிலாவை முன்னோக்கி இழுக்கிறது, நிலா மேட்டைப் பின்னோக்கி இழுக்கிறது. பூமி இழக்கும் சுழற்சி உந்தம் நிலாவின் சுற்றுப்பாதைக்குப் போகிறது. நிலா விலகும் ஒவ்வொரு செ.மீ.க்கும் பூமி தன் நாளை நீட்டி விலை கொடுத்தாக வேண்டும். 3.8 செ.மீ.க்கு விலை, நூற்றாண்டுக்கு 2.3 மில்லிநொடி. வெளி விரிவதால் விலகினால் பூமி எதையும் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்வது சரியென்றால் விலை மூன்றில் ஒரு பங்குக்கும் குறையும். பழங்காலக் கிரகணக் குறிப்புகளிலிருந்து கிடைப்பது சுமார் 1.8 மில்லிநொடி. பனியுகப் பனிப்பாறைகள் உருகியபின் நிலம் மெல்ல எழும்புவது நாளைக் கொஞ்சம் சுருக்குகிறது. அதைச் சேர்த்தால் கணக்கு ஓதத்தின் பக்கம்தான் நேராகிறது.

ஜூலை 7, மறுபடியும்

நியாயமாக இதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஓத உராய்வின் வலிமையையே வைத்துப் பின்னோக்கிப் போனால் (நிலா நெருங்க நெருங்க விலகும் வேகமும் கூடும்) சுமார் 150 கோடி வருடத்துக்கு முன்பே நிலா பூமியில் வந்து முட்டும். நிலாவின் வயதோ 450 கோடி. என் 14 பக்கத்தில் நான் துள்ளிக் குதித்த இடம் இது. ஆனால் இன்றைய கண்டங்களின் அமைப்பில் கடல்கள் ஓதத்தோடு ஒத்ததிர்வுக்கு நெருக்கமாக (ஊஞ்சலைத் தாளம் பார்த்துத் தள்ளுவது மாதிரி) ஆடுவதால் ஆற்றல் இழப்பு வழக்கத்தைவிட அதிகம். பழைய கடல்களில் அது குறைவு. ஆக இன்றைய எண்ணை எல்லாக் காலத்துக்கும் நீட்டியதுதான் தப்பு.

ஜூலை 9

"அளவுகோலும் சேர்ந்து விரிந்தால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் 3.8-உம் தெரியாது. நீங்கள் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஜூலை 12

நிலா இப்படிக் கோட்பாடுகளைச் சாகடிப்பது புதிதில்லை. நெப்டியூனைக் கணித்துக் கண்டுபிடிக்க வைத்த பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியேவுக்கு அடுத்து கிடைத்தது புதன். அதன் சூரிய அண்மைப் புள்ளி நூற்றாண்டுக்கு 43 வில்நொடி (ஒரு வில்நொடி, பாகையில் 3,600இல் ஒரு பங்கு) நியூட்டன் கணக்கைவிடக் கூடுதலாக நகர்கிறது என்று கண்டு, வல்கன் என்ற கண்ணுக்குத் தெரியாத கோளைச் சொன்னார். இதுவரை எல்லோரும் அறிந்த கதை. அறியாத கிளைக்கதை ஒன்று: செவ்வாயின் இரண்டு நிலாக்களையும் கண்டுபிடித்த அசாஃப் ஹால் 1894இல் வேறு வழி பார்த்தார். கோள் எதுவும் வேண்டாம், நியூட்டனின் விதியில் தொலைவின் அடுக்கு 2 என்பதை 2.00000016 என்று திருத்தினால் போதும், புதன் சரியாகிவிடும் என்றார். மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகளிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது. ஒரே ஒரு எண். அதுவும் ஏழாவது தசம இடத்தில்.

பிழைத்திருக்கக் கூடாதா? பிழைக்கவில்லை. அதே அடுக்கு நிலாவின் பாதையையும் திருப்பியாக வேண்டும். எர்னஸ்ட் பிரௌன் 1903 வாக்கில் நிலாவின் இயக்கத்தைக் கணித்து முடித்தபோது அந்த ஏழாவது தசமத்துக்குக்கூட அங்கே இடம் இல்லை. பிறகு 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் வந்து புதனைச் சரிசெய்தார், நிலாவைத் தொந்தரவு செய்யாமல்.

அன்றிலிருந்து யார் புதிய ஈர்ப்புக் கோட்பாடு கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது: நிலாவைக் கேட்டாச்சா?

ஜூலை 13

திருத்தம். லெ வெரியே சொன்னது 38 வில்நொடி. 43 என்பது பிறகு வானியலாளர் நியூகோம் 1882இல் கண்ட எண். நினைவிலிருந்து எழுதினால் இப்படித்தான்.

ஜூலை 20

எண் பொருத்தம் என்ற நோய்க்கு நான் இரண்டாவது முறை விழுந்தது பயனியர் விஷயத்தில். பயனியர் 10, 11 இரண்டு கலங்களும் சூரியனை நோக்கி ஒரு கூடுதல் முடுக்கம் காட்டின: 8.74×10⁻¹⁰ மீட்டர்/நொடி². ஒளிவேகத்தை ஹபிள் மாறிலியால் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 6.8×10⁻¹⁰. விரிவின் கைரேகை சூரியக் குடும்பத்திலேயே கிடைத்துவிட்டது என்று நான் எத்தனை பேரிடம் வாதாடியிருப்பேன்! அதை விளக்க வந்த புதிய ஈர்ப்புக் கோட்பாடுகளுக்கும் பஞ்சமில்லை.

கடைசியில் பழைய காந்த நாடாக்களையும் தொலையளவீட்டுப் பதிவுகளையும் தேடிப் பிடித்து, கலத்தின் ஒவ்வொரு பாகமும் எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் சூடு என்று மாதிரி செய்து பார்த்தார்கள். 2012இல் விடை வந்தது: வெப்பம். புளூட்டோனியம் மின்கலத்திலிருந்தும் மின்னணுக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வெப்பம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகவில்லை. சூரியனுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போயிருக்கிறது. அந்த வெப்பக் கதிர் கொடுத்த பின்னுதைதான் நான் கண்ட பிரபஞ்ச விரிவு.

ஆகஸ்ட் 2

இன்னொருவர் வந்து "விரிவே பொய். ஒளி நெடுந்தூரம் வரும்போது களைத்துப்போய் ஆற்றலை இழக்கிறது, அதுதான் செம்பெயர்ச்சி (தொலைவிலிருந்து வரும் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வது)" என்கிறார். களைத்த ஒளி. 1929இல் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி சொன்னது. அதே ஸ்விக்கிதான் 1933இல் கோமா கேலக்ஸிக் கொத்தில் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு நிறை இருக்க வேண்டும் என்றும் சொன்னார். கரும்பொருளை வெறுப்பவர்கள் களைத்த ஒளிக்கு அவரையே துணைக்குக் கூப்பிடுகிறார்கள் என்பது தனி வேடிக்கை.

களைத்த ஒளி கீழே விழும் இடம் சூப்பர்நோவா. ஒன்று-ஏ வகை சூப்பர்நோவாவின் (வெடிக்கும் விண்மீன்) ஒளி ஏறி இறங்கும் காலம் ஏறக்குறைய நிலையானது. செம்பெயர்ச்சி 1 (ஒளியின் அலைநீளம் இரண்டு மடங்காவது) உள்ள தொலைவில் ஒன்று வெடித்தால், பிரபஞ்சம் விரிவதாக இருந்தால் அது மங்க இரண்டு மடங்கு நாள் எடுக்க வேண்டும். ஒளி வெறுமனே களைப்படைந்தால் நிறம் மட்டும்தான் சிவக்கும், நாள் கூடாது. நாள் கூடுகிறது. 2024இல் 1,500 சூப்பர்நோவாக்களுக்கு மேல் எடுத்துப் பார்த்து மறுபடியும் உறுதிசெய்தார்கள். களைத்த ஒளிமேல் எனக்கு இரக்கம் இல்லை.

நிலைப் பிரபஞ்சக் கோட்பாட்டின் மேல் கொஞ்சம் இருக்கிறது. 1948இல் ஹாயில், பாண்டி, கோல்ட் சொன்னது. விரிவு உண்டு, தொடக்கம் கிடையாது. அந்தக் கணிதத்தில் விரிவு முடுக்கமடைந்தே தீரும். 1998இல் சூப்பர்நோவாக்கள் முடுக்கத்தைத்தான் காட்டின! ஆனால் பெருவெடிப்பின் மிச்ச வெப்பமாக 1965இல் கிடைத்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு அதற்கு முன்பே அந்தக் கோட்பாட்டைப் படுக்கையில் போட்டுவிட்டது. ஹாயிலோடு சேர்ந்து 1964இல் மாற்று ஈர்ப்புக் கோட்பாடு ஒன்றையே எழுதிய ஜயந்த் நாரளீகர் கடைசிவரை பெருவெடிப்பை ஏற்காமலே 2025 மே மாதம் மறைந்தார். பாதி விடையைச் சரியாகச் சொல்லிவிட்டுத் தேர்வில் தோற்றவர்களைப் பார்த்தால் எனக்கு ஏனோ மனசு கேட்பதில்லை.

ஆகஸ்ட் 17

நாளைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. 2017இல் இதே நாள் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்தது. 1.7 நொடி கழித்துக் காமாக் கதிர் வந்தது. இரண்டும் 13 கோடி ஒளியாண்டு சேர்ந்து ஓடிவந்து, இடைவெளி 1.7 நொடி! ஈர்ப்பலையும் ஒளியும் ஏறத்தாழ 10¹⁵இல் ஒரு பங்கு துல்லியத்துக்கு ஒரே வேகம். ஈர்ப்பலைக்குத் தனி வேகம் கொடுத்து விரிவின் முடுக்கத்தை விளக்கிய கோட்பாடுகள் பல அந்த ஒரே நாளில் அடிபட்டுப் போயின. கரும்பொருளுக்குப் பதிலாக நியூட்டனின் விதியையே திருத்தும் மோண்டுக்குச் சார்பியல் உடை தைக்க பெக்கன்ஸ்டைன் 2004இல் கொண்டுவந்த கோட்பாடும் அதன் மூல வடிவில் அதில் சேர்த்தி. இரண்டு நொடியில் இத்தனை உயிர்ச்சேதம் வேறு எந்தத் துறையிலும் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 30

"மோண்டையும் இப்படியே ஒதுக்கிவிடுவீர்களா?" இல்லை. இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டு வருடம் முன்புவரை நானும் ஒட்டுப்போட்ட வேலை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

1983இல் மோர்டஹாய் மில்க்ரோம் சொன்னது சுருக்கமாக: முடுக்கம் 1.2×10⁻¹⁰ மீட்டர்/நொடி² என்ற அளவுக்குக் கீழே போனால் ஈர்ப்பு நியூட்டன் சொல்வதைவிட மெதுவாகக் குறைகிறது. அவ்வளவுதான். அதிலிருந்து கேலக்ஸியின் சுழல்வேகத்தின் நான்காம் அடுக்கு அதன் நிறைக்கு நேர்விகிதம் என்று வருகிறது. நொடிக்கு 200 கி.மீ. சுற்றினால் சுமார் 10,000 கோடி சூரிய நிறை. 100 கி.மீ. என்றால் அதில் பதினாறில் ஒரு பங்கு.

ஸ்பார்க் என்ற தரவுத்தொகுப்பில் 175 கேலக்ஸிகளின் சுழல்வேகம் இருக்கிறது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு விடுமுறையில் அதை எக்செலில் போட்டேன். கிடை அச்சில், கண்ணுக்குத் தெரியும் விண்மீனும் வாயுவும் கொடுக்க வேண்டிய முடுக்கம். நெடு அச்சில், உண்மையில் சுழலும் வேகம் காட்டும் முடுக்கம். முதல் படம் கந்தலாக இருந்தது. பிரகாசமான கேலக்ஸிகளின் நடுப்பகுதிப் புள்ளிகள் எல்லாம் சமக்கோட்டுக்குக் கீழே. அதாவது தெரிகிற பொருளே தேவைக்கு மேல் இழுக்கிறது! ஆஹா, மோண்ட் செத்தது என்று எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து கோப்பின் தலைப்புக் குறிப்பைப் படித்தேன். விண்மீன் தட்டுக்கான வேகத்தை ஒளிக்கு ஈடான நிறை 1 என்று வைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த வேகத்தின் வர்க்கத்தைச் சுமார் 0.5-ஆல் பெருக்கிக்கொள்வது நம் பொறுப்பு. பெருக்கினேன். புள்ளிகள் சட்டென்று ஒரே வளைகோட்டில் வந்து உட்கார்ந்தன. பெரிய சுருள், மங்கிய குள்ளன், வாயு நிறைந்தது, வாயு வற்றியது, எல்லாம் ஒரே கோடு. 1.2×10⁻¹⁰ பக்கம் வந்ததும் கோடு வளைகிறது. 2016இல் மக்கா, லெல்லி, ஷோம்பர்ட் மூவரும் 153 கேலக்ஸிகளில் 2,693 புள்ளிகளை வைத்து இதைத்தான் காட்டியிருந்தார்கள். படித்திருந்தேன். ஆனால் கட்டுரையில் பார்ப்பதும் சொந்தத் திரையில் விழுவதும் வேறு.

கரும்பொருள் ஒவ்வொரு கேலக்ஸியிலும் ஒவ்வொரு வரலாற்றோடு சேர்ந்திருக்கிறது என்றால், இத்தனை ஒழுங்காக, தெரிகிற பொருளைப் பார்த்துப் பார்த்து ஏன் அடங்கி நடக்கிறது? கணினி மாதிரிகள் இந்தக் கோட்டை ஓரளவு வரவழைக்கின்றன என்பது தெரியும். எனக்கு முழுத் திருப்தி இல்லை.

ஆகஸ்ட் 31

நேற்று எழுதியதைப் படித்தால் மதம் மாறியவன் மாதிரி இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்த 1.2-ஐ, ஒளிவேகம் பெருக்கல் ஹபிள் மாறிலியை 2 பையால் வகுத்தால் வரும் 1.1-ஓடு ஒப்பிடுவார்கள். மறுபடியும் எண் பொருத்தம்! நிலாவில் ஒரு முறை, பயனியரில் ஒரு முறை சூடு பட்டவன் நான். இதை ஆதாரமாக எண்ணப் போவதில்லை.

செப்டம்பர் 6

மோண்ட் எங்கே தடுக்கி விழுகிறது என்று கேட்டவருக்கு: கேலக்ஸிக் கொத்துகளில். அங்கே மோண்டைப் பயன்படுத்தினாலும் நிறை ஏறக்குறைய பாதிக்குப் பாதி துண்டு விழுகிறது. புல்லட் கொத்தில் இரண்டு கொத்துகள் மோதியதில் வாயு நடுவில் மாட்டிக்கொண்டது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு அந்த வாயுதான். ஆனால் ஒளியை வளைக்கும் நிறை கேலக்ஸிகளோடு தாண்டிப் போய்விட்டது. 2006இல் அந்தப் படம் வந்தது. பிறகு நுண்ணலைப் பின்னணியின் ஏற்ற இறக்கங்களை வரைந்தால் வரும் மூன்றாவது முகடு. கரும்பொருள் இல்லாவிட்டால் அது அவ்வளவு உயரம் எழும்பாது. அதையும் பொருத்திக் காட்டும் ஒரு மோண்ட் வகைக் கோட்பாட்டை ஸ்கோர்டிஸ், ஸ்லோஸ்னிக் இருவரும் கொண்டுவந்தார்கள், ஆனால் அதற்குள் கூடுதல் புலங்கள் வைத்தார்கள். அந்தப் புலம் ஆதிப் பிரபஞ்சத்தில் தூசி மாதிரி நடந்துகொள்ளும். கரும்பொருளை வாசல் வழியாகத் துரத்திவிட்டுக் கொல்லை வழியாக வேறு பெயரில் அழைத்துவந்த கதை.

மறுபக்கம், நிலத்தடியில் டன் கணக்கில் திரவ செனானை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களிடமும் கரும்பொருள் துகள் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

செப்டம்பர் 14

விரிவைப் பற்றிப் பேசவே இல்லை என்கிறீர்கள். மோண்ட் தானாக விரிவைப் பற்றி ஒன்றும் சொல்லாது, அது கேலக்ஸிக்குள் பேசும் விதி. இன்றைய சண்டை வேறு: பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து கணக்கிட்டால் ஹபிள் மாறிலி 67.4, செஃபீடு (ஒளி கூடிக் குறையும்) விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் ஏணியாக வைத்து அளந்தால் 73. ஹபிளே 1929இல் 500 என்றார், அந்தக் கணக்கில் இது சொந்தக்காரர்களுக்குள் தகராறு. கரும் ஆற்றல் காலப்போக்கில் வலுவிழக்கிறதோ என்று கேலக்ஸிகளின் வரைபடம் போடும் டெசி ஆய்வு 2025 மார்ச்சில் கோடிகாட்டியது. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா (கண்டுபிடிப்பு என்று சொல்ல வழக்கமாக 5 வேண்டும்). தொகுப்புக்குத் தொகுப்பு மாறும் முடிவைக் கேட்டால் என் கை பயனியர் தழும்பைத் தடவிக்கொள்கிறது.

அக்டோபர் 5

என் சொந்த விதியை ஒருவர் உடைத்துவிட்டார். "நிலாவைக் கேட்டாச்சா என்கிறீர்களே, மோண்டுக்கு நிலா என்ன சொல்லும்?" கணக்குப் போட்டேன். நிலா பூமியை நோக்கி விழும் முடுக்கம் 0.0027 மீட்டர்/நொடி². மில்க்ரோமின் எல்லையைவிட இரண்டு கோடி மடங்கு அதிகம். நிலாவுக்கு இந்த வழக்கில் சாட்சி சொல்லத் தகுதியே இல்லை. இத்தனை நாள் நான் அதைப் பொதுவிதி மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்படியானால் யாரைக் கேட்பது? சூரிய நிறையுள்ள விண்மீனிலிருந்து சுமார் 7,000 வானியல் அலகு (ஒரு அலகு, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு) தள்ளிப் போனால் முடுக்கம் அந்த எல்லையைத் தொடும. அவ்வளவு விலகி ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்கள் ஆயிரக்கணக்கில் கையா தொலைநோக்கியின் பட்டியலில் இருக்கின்றன. கரும்பொருள் அந்தச் சின்ன இடத்தில் குறுக்கிடாது. நேரடிச் சாட்சி. ஆனால் சாட்சியின் குரல் எவ்வளவு மெலிது பாருங்கள்: அந்தத் தொலைவில் நியூட்டன் கணக்குப்படி சுற்றுவேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். காற்றில் ஒலி போகும் வேகம்! ஒரு சுற்று முடிய ஐந்தாறு லட்சம் வருடம். நமக்குக் கிடைப்பது அதில் ஒரு கணத்தின் படம். முடுக்கம் 40 சதவீதம் கூடினாலும் வேகத்தில் வித்தியாசம் 65 மீட்டர்தான்.

2023இல் ஒரே கையா தரவை வைத்து இரண்டு விடை வந்தன. ச்சே கியூ-ஹ்யூன் அந்த 40 சதவீதம் கிட்டத்தட்ட இருக்கிறது என்றார். இந்திரனில் பானிக் குழு, நியூட்டன் துளியும் அசையவில்லை என்றது. இதில் பானிக் பல வருடம் மோண்டுக்காக உழைத்தவர். தகராறு எங்கே என்றால், ஜோடியில் ஒன்று தனக்குள் இன்னொரு சின்ன விண்மீனை ஒளித்து வைத்திருந்தால் அதுவே இந்த அளவு வேகத்தைக் கூட்டிக் காட்டிவிடும். ஒளிந்திருக்கும் மூன்றாவதை எப்படிக் கழிப்பது என்பதில்தான் எல்லாம். எனக்குப் பானிக் பக்கம் சாய்வு. ஆனால் என் எக்செல் கோடு கண்ணைவிட்டுப் போகவில்லை.

அக்டோபர் 6

"தொடும்" என்பதை நேற்று "தொடும" என்று அடித்திருக்கிறேன். இருக்கட்டும். கையாவின் அடுத்த தரவு 2026 டிசம்பரில் என்று அறிவித்திருக்கிறார்கள். அதில் ஒளிந்திருக்கும் மூன்றாமவர்கள் நிறையப் பேர் மாட்டுவார்கள்.

நவம்பர் 2

முதல் கேள்வியைக் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். நிலாவை விட்டுவிட்டு ஸ்பார்க் தரவை இறக்கி எக்செலில் போட்டிருக்கிறார். "என் அச்சில் எண்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் வருகின்றன, சில கேலக்ஸிகளின் உட்புறப் புள்ளிகள் மட்டும் வலதுபக்கம் தெறிக்கின்றன, மில்க்ரோம் ஏமாற்றுகிறாரா?"

ஏமாற்றவில்லை. வேகம் கி.மீ.யில், ஆரம் கிலோபார்செக்கில் இருக்கிறது. 200-ஐ வர்க்கப்படுத்தி 10-ஆல் வகுத்தால் 4,000 வரும். அதை 3.24×10⁻¹⁴-ஆல் பெருக்குங்கள், 1.3×10⁻¹⁰ வந்துவிடும். தெறிக்கும் புள்ளிகளுக்கு வாயு நிரலைப் பாருங்கள். சில இடத்தில் எதிர்க்குறி இருக்கும். நடுவில் வாயு இல்லாமல் வெளியே மட்டும் இருந்தால் இழுப்பு வெளிப்பக்கம், அதைத்தான் எதிர்க்குறி சொல்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வர்க்கம் எடுத்தால் குறி ஓடிப்போய்க் கழிக்க வேண்டியதைக் கூட்டிவிடுவீர்கள். நானும் கூட்டினேன். 0.5-ஐ மறக்காதீர்கள். படம் வந்ததும் இங்கே போடுங்கள்.